கந்தன் பேர் கொண்ட தொகுதி, தேவாலயம் போன எம்.பி.



நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதிலிருந்து நம்ம குரூப்பில் ஒரே பேச்சுதான். நல்லூர் கந்தனைப் பார்க்கப் போகலாமா, எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும்? அதெல்லாம் தனிப் பதிவா வரும், கொஞ்சம் பொறுங்க. இன்னிக்கு அந்தக் கப்பல் போய்ச் சேருகிற துறையைப் பத்தியும், அந்த ஊர் மக்கள் பார்லிமெண்டுக்கு அனுப்பி வைத்த ஒரு மனுஷரைப் பத்தியும் சொல்லப் போறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற நம்ம தம்பிகளுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பேர் வேற வழியிலயும் காதில் விழுந்திருக்கும். இலங்கைக் கடற்படை பிடிச்ச தமிழ்நாட்டுப் படகுகளை மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டி வச்சிருக்காங்கன்னு செய்தியில் சொல்வாங்களே, அந்த மயிலிட்டி காங்கேசன்துறைக்குப் பக்கத்து மீனவ ஊர்தான். நம்மளைப் போலவே வலையும் படகுமாக வாழ்ந்த ஊர்.

காங்கேசன்துறைன்னா என்ன? காங்கேயன் என்றால் கங்கையின் மைந்தன், நம்ம முருகன். அவன் விக்கிரகம் கடல் வழியா வந்து இறங்கிய துறை அதுன்னு ஐதீகம். எதுக்கு வந்தது? மாவிட்டபுரம் கோயிலுக்கு. மாருதப்புரவீகவல்லின்னு ஒரு சோழ இளவரசிக்கு முகம் குதிரை முகம் மாதிரி ஆகிவிட்டதாம். கீரிமலை ஊற்றில் நீராடி அது நீங்கியது. மா என்றால் குதிரை. குதிரை முகம் விட்ட ஊர் மாவிட்டபுரம். அந்த நன்றிக்கு அவள் கந்தனுக்குக் கோயில் எடுத்தாள்னு தல வரலாறு சொல்லுது. பிற்காலத்தில் போர்த்துகீசியர் யாழ்ப்பாணக் கோயில்களை இடித்தபோது இதுவும் தப்பலை. அவங்ககிட்ட இருந்து 1658ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவங்க டச்சுக்காரங்க. பழவேற்காட்டில் கோட்டை கட்டி, இன்னிக்கும் கல்லறைத் தோட்டமா மிச்சம் இருக்காங்களே, அதே டச்சுக்காரங்கதான். கோயில் மறுபடியும் எழும்பியது.

ஆக ஊருக்கும் முருகன் பேர், தொகுதிக்கும் முருகன் பேர். நெல், புகையிலை, வெங்காயம், மீன்னு பிழைக்கிற, ஊறிப்போன சைவக் கிராமங்கள். அந்தத் தொகுதி 1947லிருந்து 1977 வரை, நடுவில் ஒரு தோல்வியும் ஒரு ராஜினாமாவும் தவிர, திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது ஒரு கிறிஸ்தவரை. பேர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். ஈழத் தமிழர்கள் அவரைத் தந்தை செல்வா என்றுதான் சொல்வார்கள்.

முருக பக்தர்கள் பதிவில் இவருக்கு என்ன வேலைன்னு யோசிக்கிற தம்பி தங்கச்சிகள் கொஞ்சம் பொறுமையா படிங்க. நடுவில் மாவிட்டபுரம் கோயில் வாசல் வரும். அங்கே அவரையும் கேள்வி கேட்கணும், நம்மளையும் கேட்கணும்.

அவர் பிறந்தது 1898 மார்ச் 31, மலாயாவில் ஈப்போ நகரத்தில். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் காவடிக் கூட்டம் நிரம்புமே, அதே ஈப்போ. அப்பா பிழைக்கப் போன இடம் அது. நாலு வயசில் படிப்புக்காக அம்மாவோடு தெல்லிப்பழைக்குத் திரும்பி வந்தார். தெல்லிப்பழை மாவிட்டபுரத்தை ஒட்டிய ஊர். அமெரிக்க மிஷனரிகள் 1816லேயே பள்ளிக்கூடம் ஆரம்பித்த இடம். அந்தப் பள்ளி பின்னாளில் யூனியன் கல்லூரி ஆச்சு. அங்கேயும், யாழ்ப்பாணம் சென்ட் ஜான்ஸிலும், கொழும்பு சென்ட் தாமஸிலும் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தை இலங்கையிலிருந்தபடியே வாங்கினார்.

முதல் வேலை சென்ட் தாமஸ் கல்லூரியில் ஆசிரியர். ஊரில் தம்பி சாகக் கிடக்கிறான், போய்ப் பார்க்க லீவு கேட்டார். கொடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டார். தம்பி இறந்தும் போனார். சத்தம் போட்டு சண்டை பிடிக்காமல், நினைத்ததைச் செய்துவிடுகிற இந்தக் குணம் கடைசிவரை அவரிடம் இருந்தது. அப்புறம் வெஸ்லி கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே சட்டம் படித்து வக்கீல் ஆனார். சிவில் வழக்குகளில் கொழும்பில் பெரிய பேர், நல்ல வருமானம். அரசியலுக்கு வரும்போது வயசு ஐம்பதை நெருங்கிவிட்டது. பேச்சாளரும் இல்லை. மேடையில் அடுக்குமொழி வராது, ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல்.

1947 தேர்தலில் ஜி.ஜி. பொன்னம்பலம் தலைமையிலிருந்த தமிழ் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் நின்று ஜெயித்தார்.

அடுத்த வருஷமே சோதனை வந்தது. 1948ல் இலங்கைப் பார்லிமெண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் மூணு நாலு தலைமுறையா உழைத்துக்கொண்டிருந்த மலையகத் தமிழர்கள், அதாவது நம்ம தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வெள்ளைக்காரன் கூட்டிப்போன ஜனங்கள், ஏறக்குறைய 7 லட்சம் பேர், ஒரே அடியில் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. 1947ல் அவங்க கட்சிக்கு 7 எம்.பி.க்கள் இருந்தார்கள். 1952ல் ஒருத்தர்கூட இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிங்க. காங்கேசன்துறையில் யாருக்கும் இந்தச் சட்டத்தால் ஓட்டு போகலை. யாழ்ப்பாணத்து மக்களில் பல பேருக்கு மலையகத் தமிழர்கள் தூரத்துச் சொந்தம்கூட இல்லை, யாரோ கூலிக்காரங்க. தொகுதி எம்.பி. பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோட தலைவர் பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து கைத்தொழில் மந்திரியும் ஆகிவிட்டார். செல்வநாயகம் சேரவில்லை. இன்று மலையகத்தானுக்கு நடந்தது நாளை மொழியைக் காட்டி நமக்கும் நடக்கும் என்பது அவர் கணக்கு. கட்சியை உடைத்துக்கொண்டு, வன்னியசிங்கம், டாக்டர் நாகநாதன் இவங்களோடு 1949 டிசம்பர் 18ல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கேட்டது சமஷ்டி. நாடு ஒன்றாகவே இருக்கட்டும், வடக்கு கிழக்குக்குத் தன்னாட்சி கொடுங்க, அவ்வளவுதான்.

அதற்கு விலை என்னன்னா, சிமெண்ட். ஆமாம். மந்திரியான பொன்னம்பலம் காங்கேசன்துறையிலேயே சிமெண்ட் தொழிற்சாலை கொண்டுவந்தார். தொகுதிக்காரனுக்கு வீட்டு வாசலில் வேலை. கட்சியை உடைத்த எம்.பி.யால் என்ன கொண்டுவர முடிந்தது? கொள்கை. 1952 தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவரும் சாதாரண ஆள் இல்லை. சு. நடேசபிள்ளை, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், பரமேஸ்வரா கல்லூரியின் தலைவர், தமிழும் சைவமும் கற்ற அறிஞர். சைவத் தொகுதிக்குச் சைவர்தானே வேணும் என்ற பேச்சும் ஊருக்குள் ஓடியது. செல்வநாயகம் தோற்றார். புதுக்கட்சிக்கு மொத்தம் 2 இடம்தான் கிடைத்தது.

தோற்றபிறகு என்ன பண்ணினார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மதம் மாறலை. நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு கோயில் வாசலில் போட்டோ எடுத்துக்கலை (அப்போ அது வசதி இல்லைன்னு சொல்லாதீங்க, அந்தக் காலத்திலும் அந்த மாதிரி ஆட்கள் இருந்தாங்க). ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போறவர் போய்க்கொண்டே இருந்தார். அதேசமயம் சைவப் பண்பாட்டை வேற்று ஆள் மாதிரி பார்த்தவரும் இல்லை. வாழ்க்கை முறையில் சுற்றியிருந்த சைவக் குடும்பங்களுக்கும் அவர் குடும்பத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஊர் ஊராகப் போனார், அந்த மெல்லிய குரலிலேயே சமஷ்டியை விளக்கினார்.

1956ல் பண்டாரநாயக்கா சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற கோஷத்தோடு வந்தார். சொன்னது நடந்துவிட்டது. இந்தத் தடவை காங்கேசன்துறை அவரை அனுப்பியது, கட்சிக்கு 10 இடம். ஜூன் 5ந் தேதி, மசோதா பார்லிமெண்டுக்கு வந்த அன்று, கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாகிரகம் உட்கார்ந்தார்கள். கும்பல் வந்து அடித்தது. திருப்பி அடிக்கவில்லை. சட்டம் நிறைவேறியது.

அடுத்த வருஷம் 1957 ஜூலை 26ல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். பிராந்திய சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். ரெண்டு பேரும் ஒரே சென்ட் தாமஸ் கல்லூரியில் படித்தவர்கள். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு முன்னால் உட்கார, அவர் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார். மே மாதம் கலவரம், தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், செல்வநாயகத்துக்கு வீட்டுக் காவல். 1961ல் யாழ்ப்பாணம் கச்சேரி முன்னால் (கச்சேரின்னா அங்கே மாவட்ட நிர்வாக அலுவலகம்) மாசக்கணக்கில் சத்தியாகிரகம், சொந்தமாகத் தபால் சேவைகூட நடத்திக் காட்டினார்கள். அப்புறம் ராணுவம், கைது, பனாகொடை முகாமில் ஆறு மாசம். 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவுடன் இன்னொரு ஒப்பந்தம். அதுவும் நடக்கவில்லை. இதற்குள் பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்க ஆரம்பித்தது. காது மந்தம். குரல் இன்னும் தேய்ந்து, பக்கத்தில் இருப்பவர் கேட்டுச் சொன்னால்தான் சபைக்குப் புரியும் என்ற நிலை.

சரி, 1968க்கு வருவோம். கோயில் விஷயத்தில் அந்த ஒரே வருஷத்தில் ரெண்டு சம்பவம்.

ஒண்ணு திருகோணமலை. கோணேசர் கோயிலைச் சுற்றியுள்ள இடத்தைப் புனிதப் பகுதியாக அறிவிப்பதை ஆராய, தமிழரசுக் கட்சி சார்பில் மந்திரியாக இருந்த மு. திருச்செல்வம் ஒரு குழு போட்டார். ஒரு பிக்கு எதிர்த்ததும் பிரதமர் டட்லி குழுவை நிறுத்தினார். திருச்செல்வம் பதவியைத் தூக்கிப் போட்டார். கட்சியும் அரசைவிட்டு விலகியது. சிவன் கோயிலுக்காக ஆட்சியை விட்ட அந்தக் கட்சிக்குத் தலைவர் ஒரு கிறிஸ்தவர். இதைக் கேட்டால் நமக்கு உடம்பு சிலிர்க்கும், ஷேர் பண்ணத் தோணும்.

ரெண்டாவது மாவிட்டபுரம். இதை யாரும் அவ்வளவா ஷேர் பண்ண மாட்டோம்.

முருகன் கோயில் வாசலில் நிறைய பேரை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். சாதிதான் காரணம், வேற என்ன. 1957லேயே கோயில் நுழைவைத் தடுப்பது குற்றம்னு சட்டம் வந்துவிட்டது. சில கோயில்கள் திறந்தன, மாவிட்டபுரம் திறக்கலை. 1968 ஆடித் திருவிழாக் காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பக்தர்களும் இளைஞர்களும் உள்ளே போய்க் கும்பிட வந்து, வாசலில் சத்தியாகிரகம் இருந்தார்கள். வழியை மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் மந்திரி, மகா மேதாவி. அவர் ஆட்களோடு வாசலில் நின்றுகொண்டார். தள்ளுமுள்ளு, போலீஸ், வழக்கு. அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது.

கந்தனைக் கும்பிட வந்தவனைக் கந்தன் வாசலில் மறித்த வழக்கு, கடல் கடந்து வெள்ளைக்கார ஜட்ஜுகள் முன்னால் போய் நின்றது. வேடன் மகள் வள்ளியைத் தேடிப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட சாமி அவன். நமக்கு இது தெரியாதா?

அந்தத் தொகுதி எம்.பி. எங்கே இருந்தார்? வாசலில் நின்று போராடியவர்கள் பெரும்பாலும் இடதுசாரிகள். தமிழரசுக் கட்சி தீண்டாமை கூடாதுன்னு பேசிய கட்சிதான், செல்வநாயகம் சாதி பார்த்தவரும் இல்லை. ஆனால் மாவிட்டபுரம் வாசலில் அவர் முன்னால் வந்து நிற்கவில்லை. கிறிஸ்தவர் ஒருத்தர் சைவக் கோயில் விவகாரத்தில் தலையிட்டால், ஏற்கெனவே மதத்தைச் சொல்லித் தோற்கடித்தவர்களுக்கு அது இன்னொரு ஆயுதம் ஆகியிருக்கும். உயர்சாதி ஓட்டுதான் தொகுதியில் பலம் என்பதும் இருந்தது. காரணம் எதுவானாலும் அந்தக் குறை இன்றைக்கும் சொல்லப்படுகிறது, நியாயமாத்தான் சொல்லப்படுகிறது. தன் தொகுதியில் இல்லாத மலையக மக்களுக்காகப் பதவியையே பணயம் வைத்தவர், தன் தொகுதி மக்கள் தன் தொகுதிக் கோயில் வாசலில் நின்றபோது ஒதுங்கி நின்றார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, அதனால்தான் இது உறுத்துது.

நாம அவரைச் சொல்லிட்டு நகர்ந்துவிட முடியாது. நம்ம ஏரியில் பாடு முறை இருக்கு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவதுன்னு சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிற பெரியவங்க ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, சண்டையைக் குறைத்தது. ஆனா அந்தச் சீட்டில் தங்கள் பேரே வராத ஜனங்களும் இதே கரையில்தான் கையால் இறால் தடவிப் பிழைக்கிறாங்க. அது நமக்குத் தெரியும். பேசறதில்லை.

மறுபடியும் அவர் கதை. 1970ல் ஜெயித்தார். 1972 மே மாதம் இலங்கை குடியரசு ஆனது, புது அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது, சிறுபான்மையினருக்குப் பழைய சட்டத்தில் இருந்த பாதுகாப்பு காணாமல் போனது. அக்டோபர் 3ந் தேதி செல்வநாயகம் எழுந்து ராஜினாமா செய்தார். இந்தச் சட்டத்தைத் தமிழர்கள் ஏற்கிறார்களா இல்லையான்னு என் தொகுதியில் இடைத்தேர்தல் வைத்துப் பாருங்க என்பது சவால். அரசாங்கம் ரெண்டு வருஷத்துக்கு மேல் தேர்தலே வைக்கவில்லை. காங்கேசன்துறைக்கு அத்தனை காலம் எம்.பி. கிடையாது. அவர் காத்திருந்தார், நடுங்கும் கையோடு.

கடைசியில் 1975 பிப்ரவரி 6ல் தேர்தல் நடந்தது. எதிர்த்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம், அவரும் ஊரில் நல்ல பேர் எடுத்தவர். செல்வநாயகத்துக்கு 25,927 ஓட்டு, பொன்னம்பலத்துக்கு 9,457. 1952ல் மதத்தைச் சொல்லித் தோற்கடித்த அதே கிராமங்கள், பேசவே முடியாத 76 வயது கிறிஸ்தவருக்கு 16,470 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி கொடுத்தன. அந்த 9,457 ஓட்டையும் சும்மா தள்ளிவிடாதீங்க. மாவிட்டபுரம் வாசலில் மறிக்கப்பட்டவர்களின் கோபமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.

கால் நூற்றாண்டாகச் சமஷ்டி கேட்டவர், 1976 மே 14ல் வட்டுக்கோட்டை மாநாட்டில் தனிநாடு என்ற தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார். அது சரியா தப்பா என்பதை இந்தப் பதிவில் தீர்க்க முடியாது. அதற்குப் பின் நடந்தது எதையும் பார்க்க அவர் இல்லை. அடுத்த வருஷம் வீட்டில் விழுந்து நினைவிழந்தார். 1977 ஏப்ரல் 26ல் காலமானார்.

1990ல் போரில் அந்தப் பகுதி முழுக்க ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. மாவிட்டபுரம், கீரிமலை, தெல்லிப்பழையின் ஒரு பகுதி, மயிலிட்டி, எல்லாரும் உடுத்திய துணியோடு கிளம்பினார்கள். சைவன், கிறிஸ்தவன், உள்ளே விடப்பட்டவன், வாசலில் மறிக்கப்பட்டவன்னு குண்டு பார்க்கலை. கோயில் சிதைந்தது. மயிலிட்டி மீனவர்கள் தங்கள் துறையைத் திரும்பப் பார்த்தது 2017 ஜூலையில், 27 வருஷம் கழித்து. கடலையே பார்த்து வளர வேண்டிய ஒரு தலைமுறை முகாமில் வளர்ந்துவிட்டது. சொந்த வீடு வேணும்னு சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய்க்கிழமை நடக்கிற நமக்கு அது புரியும்.

கப்பலில் போகிறவர்களுக்கு: காங்கேசன்துறையில் இறங்கியதும் நேரா நல்லூருக்கு வண்டி ஏறிடாதீங்க. கொஞ்ச தூரத்திலேயே மாவிட்டபுரம், முதலில் அங்கே போங்க. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தம், அந்த நேரம் கிடைத்தால் விசேஷம். உள்ளே போகும்போது அந்த வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்புறம் அதே சாலையில் தெல்லிப்பழை, அவர் படித்த யூனியன் கல்லூரி. யாழ்ப்பாணம் நகரத்துக்குள் நூலகத்துக்குப் பக்கத்தில் உயரமா ஒரு தூண் தெரியும், அது தந்தை செல்வா நினைவுத் தூண். அங்கிருந்து நல்லூர் பக்கம்தான். சாயங்கால பூஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!